சட்டத்தைக் கழற்றும் முன்

பழைய சாமி படத்தை ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனால் வேலை மளமளவென்று நடந்துவிடும். பின்பக்கத்து ஆணிகளைக் குறடு பிடுங்கும். பின்பலகையும் அதற்குள் மடித்து வைத்திருந்த செய்தித்தாளும் குப்பைக்குப் போகும். ஓரம் பழுப்பேறிய தாளைப் புதுச் சட்டத்தின் அளவுக்கு அரை அங்குலம் வெட்டி, ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டி, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். படம் பளிச்சென்று வீட்டுக்கு வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ‘புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க’ என்று கேட்டது நாம்தான். ஆனால் வெட்டுப்பட்ட அந்த அரை அங்குலத்தில்தான் பெரும்பாலும் படத்தின் தலைப்பும் அச்சகத்தின் பெயரும் இருந்திருக்கும்.

தாத்தா காலத்து வீட்டைப் பிரிக்கும்போதும், பாகப்பிரிவினையின்போதும், அடுக்ககத்துக்குக் குடிபோகும்போதும் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. பழைய படத்தை அப்படியே வைத்துக்கொள்வதா, புதுச் சட்டம் போடுவதா? பலரும் இதை அழகு பற்றிய கேள்வியாக நினைத்து, சுவரின் வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். சுவரில் தொங்குவது ஒரே பொருளாகத் தெரிந்தாலும் மரம், கண்ணாடி, இடை அட்டை, தாள், பின்பலகை ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் அது. ஐந்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. சில பாகங்கள் படத்தின் வரலாற்றுக்குச் சாட்சிகள். சில, படத்தை உள்ளிருந்தே தின்றுகொண்டிருப்பவை.

தமிழ் வீடுகளில் மிக அதிகமாக மாட்டப்பட்ட பழைய அச்சுப் படங்கள் என்றால் ரவிவர்மாவின் படங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிளிமானூரில் 1848-ல் பிறந்த ராஜா ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் அரண்மனைகளுக்கும் செல்வந்தர் வீடுகளுக்கும் மட்டுமே போய்ச் சேர்ந்தன. படங்களுக்கு இருக்கும் கிராக்கியை ஒரு மனிதனின் கை ஈடுகட்ட முடியாது, அச்சில் கொண்டுவந்தால் நாட்டுக்கே நன்மை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ். பம்பாயில் 1894-ல் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. பிறகு அது லோனாவ்லா பக்கம் இடம்பெயர்ந்து, 1900-களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்கு மாறியது. தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் அங்கிருந்துதான் நாடெங்கும் வீடு வீடாக வந்தார்கள்.

ஓலியோகிராஃப் எனப்படும் இந்தப் படங்களை அச்சிட்ட விதம் இன்றைய ஆப்செட்டைப் போன்றதல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றினார்கள். எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசினார்கள். பலவற்றில் கேன்வாஸ் துணியின் இழை தெரியும்படி தாளை அழுத்தியும் எடுத்தார்கள். அதனால் ஒரு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலே வேறுபாடு புரிந்துவிடும். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்ததுபோல ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். பிற்காலத்து ஆப்செட் மறுபதிப்பில் சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகள் அச்சுப் பிசகாமல் வரிசைகட்டி நிற்கும். வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்கு எடுத்துப்போகவே கூடாது.

லோனாவ்லா அச்சகம் 1972-ல் தீக்கிரையானது. ஆகவே பூஜை அறையிலும் கூடத்திலும் தொங்கும் பழைய பிரதிகள்தாம் அந்தத் தொழிலுக்கு மிஞ்சிய முக்கியமான ஆதாரங்கள். கீழ்விளிம்பில் சின்ன எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரை வைத்தே ஒரு பிரதி அச்சகத்தின் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான படங்களுக்கும் இது பொருந்தும். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் அவற்றில் உண்டு. அந்தக் கையெழுத்து இருப்பது பெரும்பாலும் கீழ் மூலையில், கத்திக்கு மிக அருகில்.

மரச்சட்டமும் பேசும். பழைய பிரதிகள் சிலவற்றில் லட்சுமியின் சேலைக்குச் சரிகைத் துணியும், நகைகளுக்கு ஜிகினாவும் மணியும் ஒட்டியிருப்பார்கள். தெய்வத்துக்குச் சேலை கட்டி அழகு பார்க்கும் அதே பக்தி அச்சுப் படத்திலும் கைவேலையாக இறங்கியிருக்கிறது. இப்படி அலங்கரித்த படத்துக்கு ஆழமான பெட்டிச் சட்டம் போட்டிருப்பார்கள், கண்ணாடி சரிகையை நசுக்கக் கூடாது என்பதற்காக. இதை அறியாமல் தட்டையான புதுச் சட்டத்தில் அடைத்தால் ஜிகினா உதிர்ந்து கீழே சேர்ந்துவிடும். கறுத்த சரிகையை மெருகேற்ற முயல்வதும் கூடாது. மெருகு போடும் பொருள் பக்கத்திலிருக்கும் தாளைக் கெடுத்துவிடும்.

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். சாய்வாகப் பார்க்கும்போது நீரலை போல நெளிவும் இடையிடையே குமிழியும் தெரிந்தால் அது பழைய முறையில் செய்த கண்ணாடி. உருகிய தகரத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் துல்லியமான சமதளம் கொண்டுவரும் முறையை பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959-ல்தான். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அதைப் போட்டது 1930-களுக்குப் பிறகு. பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஃபிரேம்காரர் வைத்த செய்தித்தாளில் தேதி இருந்தால், அந்த நாளுக்கு முன்பு அந்தச் சட்டம் மூடப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் படம் எந்த ஊரில் வாங்கப்பட்டது என்பதும் தெரியும். குடும்ப வரலாறு எழுத விரும்புகிறவருக்குப் படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் சொல்வது உண்டு.

ஒரு சட்டம் தொலைந்தால் அதைத் திரும்பப் பெறுவது எத்தனை பெரிய காரியம் என்பதற்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சாட்சி. எமானுவேல் லாய்ட்சே 1851-ல் தீட்டிய, வாஷிங்டன் டெலவர் ஆற்றைக் கடக்கும் பிரம்மாண்ட ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் மூலச் சட்டம் எப்போதோ போய்விட்டது. ஓவியம் நெடுங்காலம் எளிய சட்டம் ஒன்றில் தொங்கியது. மேத்யூ பிரேடியின் புகைப்பட நிலையத்தார் 1864-ல் ஒரு கண்காட்சியில் எடுத்த புகைப்படம் 2007-ல் கண்ணில் பட்டபோதுதான், கழுகும் கொடிகளும் ஆயுதங்களும் செதுக்கிய மகுடத்தோடு அந்தப் பழைய சட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தது. கைவினைஞர்கள் அந்த ஒரே புகைப்படத்தைப் பார்த்து மரத்தைச் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டி, நகலை உருவாக்கினார்கள். 2012-ல் புதுப்பித்துத் திறந்த அரங்கில் ஓவியம் அந்தச் சட்டத்தோடு மக்கள் பார்வைக்கு வந்தது. வான்கோ தன் ஓவியத்துக்குத் தானே மஞ்சள் வண்ணம் தீட்டிப் போட்ட சட்டங்களில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, 1887-ன் பழ ஓவியத்தைச் சுற்றியிருப்பது. மற்றவற்றை அடுத்தடுத்து வந்த உரிமையாளர்கள் தங்கள் ரசனைக்கேற்ப மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய படத்தைத் தொடாமலே விட்டுவிடுவதுதான் மரியாதை என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் படத்தைக் கொல்லும்.

பழைய பின்பலகையைக் கழற்றிப் படத்தின் முதுகைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இரண்டு பலகைகள் சேரும் இடுக்குக்கு நேராகத் தாளில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். பலகையில் கணு இருந்த இடத்தில் அதே வடிவத்தில் ஒரு கறை. மரத்திலிருந்தும் மரக்கூழ் அட்டையிலிருந்தும் அமிலம் மெல்லக் கசிந்து தாளுக்குள் ஏறுகிறது. இடுக்கு வழியாகக் காற்றும் புகையும் தூசியும் புகுகின்றன. படத்தைச் சுற்றி வைக்கும் இடை அட்டை மலிவானதாக இருந்தால், அதன் வெட்டுவிளிம்பு தொடும் இடத்தில் தாள் தீய்ந்தாற்போல நான்கு பக்கமும் பழுப்புக் கோடு விழும். அமிலம் ஏறிய தாள் நொறுங்கும் தன்மையை அடைகிறது. மடித்தால் அப்பளம் போல உடைகிறது. முன்பக்கத்தில் லட்சுமி சிரித்துக்கொண்டிருப்பதால் இது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

பூஜை அறைப் படங்களுக்குத் தனித் தொல்லைகள் உண்டு. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் சட்டத்தின் இடுக்குகளில் படிகின்றன. கண்ணாடிமேல் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைக்கும்போது நீர் கீழ்விளிம்பில் இறங்கி உள்ளே கசிகிறது. பல பழைய படங்களில் அடிப்பக்கம் மட்டும் அலையலையாகக் கறை படிந்திருப்பது இதனால்தான். அந்த ஈரத்துக்குப் பூஞ்சை வரும். மாப்பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் புத்தகம் கட்டுகிறவர்களிடம் வந்தது இந்தப் பூச்சிக்கு அஞ்சித்தான்.

ஒளி செய்யும் கேடு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, ஏனென்றால் அதற்கு வைத்தியமே கிடையாது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் மூலப் பிரதியை 1841-லிருந்து 1876 வரை வாஷிங்டனின் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்கள். அந்த 35 ஆண்டு வெளிச்சத்தில் மை வெளிறிப்போனது. கையெழுத்துகள் பலவற்றை இன்று படிப்பதே கடினம். ஹீலியம் நிரப்பிய பேழைக்குள் அதை அடைத்தது 1950-களின் தொடக்கத்தில். பிறகு ஆர்கான் வாயு நிரப்பிய புதுப் பேழைக்கு மாற்றி 2003-ல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். இத்தனை ஏற்பாடும் மேற்கொண்டு கெடாமல் காக்குமே தவிர, போன மையைத் திருப்பித் தராது. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதிகளும் நாடாளுமன்ற நூலகத்தில் நைட்ரஜன் நிரப்பிய பேழைகளில்தான் இருக்கின்றன. வீட்டுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. காகிதப் பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளி போதும் என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம், அதாவது மங்கலான கூடத்து வெளிச்சம். வெயில் விழாத சுவரும், புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லாத எல்இடி விளக்கும் போதுமானவை.

ஆக, பெரும்பாலான படங்களுக்கு விடை இதுதான்: வெளியே இருப்பதைக் காப்பாற்றுங்கள், உள்ளே தாளைத் தொட்டுக்கொண்டிருப்பதை மாற்றுங்கள். பழைய மரச்சட்டமும் நெளிவுக் கண்ணாடியும் அப்படியே இருக்கலாம். பின்பலகை, மலிவான அட்டை, ஒட்டுநாடா, பூச்சி அரித்த செய்தித்தாள் ஆகியவை தாளைவிட்டு விலக வேண்டும். அவற்றின் இடத்தில் பருத்திக் கூழில் செய்த, அமிலமில்லாத அட்டை வர வேண்டும். இந்த வேலைக்குப் பிறகு சுவரில் தொங்கும் படம் பழையதாகவே தெரியும், தெரியத்தான் வேண்டும்.

தாளை அட்டையோடு சேர்ப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முழு முதுகிலும் பசை பூசி ஒட்டினால் அதை யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. காகிதப் பாதுகாப்பு அறிந்தவர்கள் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய கீல்கள் வைத்துத் தொங்கவிடுவார்கள். ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாச்சத்துப் பசையும்தான் அதற்குப் பயன்படும். நாளை ஈரப்படுத்தினால் கழன்று வந்துவிடும் என்பதே அதன் சிறப்பு. ஒட்டுநாடாவின் பிசின் நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். லேமினேஷனைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது என்பது அடுத்த விதி. இடை அட்டை இல்லாவிட்டால், சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய இடைத்துண்டுகள் வைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். குடும்பப் புகைப்படங்களில் இது உயிர்போகும் விஷயம். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல்படலம் ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தில் அது உப்பி இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டியின் முகம் கண்ணாடியில் பளபளவென்று தீவு போலத் தெரிந்தால் ஒட்டிவிட்டது என்று பொருள். அதை உரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தைத் திறக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே நல்ல கேமராவில் படியெடுத்து வைப்பதுதான் முதல் வேலை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் புகைப்படங்களைத் தேடி எண்மமாக்கியது. பூவாடையும் சவ்வாதும் மணக்கும் வீட்டுச் சுவர்ப் படங்கள் ஆய்வுப் பொருளாக மதிக்கப்படும் காலம் இது.

தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தனிக் கணக்கு. பலகைப் படம் என்றே அதற்குப் பழைய பெயர். மரப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மேற்பூச்சில் புடைப்பு எழுப்பி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்தது. இங்கே பின்பலகை படத்தின் உடம்பே ஆகும், அதை மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. பலகை ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். மேற்பூச்சு அந்த அசைவைத் தாங்காமல் வெடித்து உதிரும். சட்டத்தில் ஆணியைச் சுத்தியால் அடிக்கிற அதிர்வே போதும், தங்க ரேக்கு பெயர்ந்துவர. பூச்சு எழும்பியிருக்கும் படத்தை ஃபிரேம் கடைக்கு எடுத்துப்போகாமல், படுக்கை வசத்தில் வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. பாரம்பரியச் செல்வங்களைக் காக்கும் இன்டாக் அமைப்புக்கும் பாதுகாப்பு மையங்கள் உண்டு. விலை உயர்ந்த படமோ மனத்துக்கு உயர்ந்த படமோ, கத்தி வைக்கும் முன் இப்படி ஓரிடத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சட்டத்தையே மாற்றியாக வேண்டிய நேரமும் வரும். மரம் உளுத்து, சட்டத்தின் அடியில் மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு உள்ளே வாழ்கிறது. கரையான் மண் ஏறியிருந்தால் இன்னும் அவசரம். அப்போது படத்தை உடனே பிரித்துவிட வேண்டும். மூட்டு விட்டுப்போய்க் கண்ணாடியின் எடையைத் தாங்காத சட்டமும் ஆபத்து. நடுவில் யாரோ போட்ட அலுமினியச் சட்டமோ பிளாஸ்டிக் சட்டமோ என்றால் அதை மாற்றத் தயங்க வேண்டியதே இல்லை. கண்ணாடி விரிசல் கண்டால், படத்தைக் கவிழ்க்காமல் மேலே காகித ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மல்லாக்க வைத்தபடியே சில்லுகளை எடுக்க வேண்டும். பூச்சியற்ற பழைய சட்டத்தை ஏதோ காரணத்துக்காக மாற்ற நேர்ந்தால், அது எந்தப் படத்துக்குரியது என்று எழுதிக் கட்டி வையுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் படத்தை இழந்த வெற்றுச் சட்டங்களைப் பார்க்கலாம். எந்த வீட்டில், எந்தப் படத்தைச் சுமந்தவை என்று சொல்ல ஆளில்லை.

கடைக்காரரிடம் வேலை கொடுக்கும்போது வெட்கப்படாமல் பேச வேண்டும். “அண்ணே, ஓரத்தை வெட்டாதீங்க. பசை போட்டு ஒட்டாதீங்க. ஆணியைப் பிடுங்கையில நான் பக்கத்துல இருக்கேன். உள்ள என்ன இருந்தாலும் எங்கிட்டயே குடுத்துருங்க.” நான்கே வாக்கியம். அனுபவமுள்ள கடைக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிரிக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் என்று செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். கிடைத்த சீட்டு, செய்தித்தாள், பழைய ஆணி ஒன்று ஆகியவற்றை அமிலமில்லாத உறையில் போட்டுத் தனியே வைக்கலாம். அந்த உறையைச் சட்டத்துக்குள் வைத்தால் பழைய நோய் திரும்பவும் உள்ளே போய்விடும்.

மாட்டும் விதத்தில் பழையவர்கள் கெட்டிக்காரர்கள். செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் படங்கள் உயரத்தில் வரிசையாக, தலை முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும். கீழே நின்று பார்க்கிறவருக்கு முகம் தெரியும், கண்ணாடியில் தூசி குறைவாக விழும், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். அந்த இடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டிய நினைவு பல குடும்பங்களுக்கு உண்டு. இன்றைய சுவரில் சட்டத்தை ஒட்ட ஒட்ட மாட்டுகிறோம். மழைக்காலத்தில் சுவர் குடித்த ஈரம் நேராக முதுகுக்கு ஏறுகிறது. கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் கிடைத்துவிடும். வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் தவிர்ப்பது நல்லது.

கண்ணாடி உடைந்த சாமி படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நம்பிக்கையால் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்தி வைக்கிறவர்கள் ஏராளம். மழையும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அப்படிச் சாத்தும் முன் படத்தை உருப்பெருக்கியில் ஒருமுறை பார்த்து, கீழ்விளிம்பைப் படித்துவிடலாம். லோனாவ்லா அச்சகத்தின் பெயரோ கொண்டையராஜுவின் கையெழுத்தோ இருந்தால், உடைந்த கண்ணாடியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, தாளைத் தட்டையாக ஓர் உறையில் வைத்து வீட்டுக்கே திருப்பி எடுத்து வரலாம். புதுக் கண்ணாடி போட்டால் படம் மறுபடி பூஜைக்கு ஆகும்.